கருநாக்கு என்று பேர் வாங்கியவளுக்கு

என் தம்பியைக் கட்டிக்கொண்டு, கூடவே என்னையும் சேர்த்து மேய்த்த வாயாடி ஸ்டெல்லாவுக்கு,

உன் மகள் நேற்றுக் காலையில் ஆபரேஷன் தியேட்டரில் வாயைத் திறந்துவிட்டாள். இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். சந்தோஷச் செய்தி என்று நினைத்துவிடாதே.

பிரின்ஸி நர்ஸ் ஆனதே உனக்குத் தெரியாது. நீ பார்த்த பிரின்ஸிக்கு முன்பல் விழுந்திருந்தது. இப்போது உன் உயரம், உன் நடை. பச்சை கவுனை மாட்டிக்கொண்டு அவள் திரும்பி நின்றால் பழைய ஆட்கள் திடுக்கிட்டுப் போகிறார்கள். கரையான்சாவடி தாண்டி நீ வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரி, அதே தியேட்டர். நான்தான் சேர்த்துவிட்டேன். "வேற ஆஸ்பத்திரியே கெடைக்கலியாக்கா உனக்கு?" என்று கேட்டுவிட்டு பேக்டரி பஸ்ஸுக்குப் போன உன் புருஷன் தாஸ் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

இந்தக் கடிதத்தை நாலு பேர் படிக்கப் போகிறார்கள். அதனால் உனக்குத் தெரிந்த கதையையே உனக்குச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். உன் நாத்தனார் சொல்வதை நீ என்றைக்குத்தான் முழுசாகக் கேட்டிருக்கிறாய்?

பாரிவாக்கத்திலிருந்து ஒரு பெண்ணைப் பிரசவத்துக்குக் கொண்டுவந்தார்கள். வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும். ரத்தம் வாங்கப் போன ஆள் இன்னும் திரும்பவில்லை. "சார், ரத்தம் வந்துடட்டும். இப்ப ஆரம்பிச்சா இந்தப் பொண்ணு நம்ம கையில நிக்காது" என்று நீ சொன்னாய். குழந்தையின் துடிப்பு இறங்குகிறது, காத்திருக்க முடியாது என்றார் பெரிய டாக்டர். அவர் பக்கமும் நியாயம் இருந்திருக்கும். பிள்ளை பிழைத்தது, தாய் போய்விட்டாள். சில மாதம் கழித்து, ஒரு பெரியவருக்குத் தையல் பிரியும் போலிருக்கிறது என்றாய். பிரிந்தது.

இப்படி ஒருத்தி இருந்தால் 'ஸ்டெல்லாவுக்குக் கண் கூர்மை' என்றுதானே ஊர் சொல்ல வேண்டும்? 'ஸ்டெல்லாவுக்குக் கருநாக்கு' என்றார்கள். அவள் வாயில் வந்தால் பலித்துவிடும் என்றார்கள். வருவதைப் பார்த்துச் சொன்னவளை, வரவழைத்தவள் ஆக்கிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் கிளம்பிய பேச்சு நம் ஆவடி குவார்ட்டர்ஸுக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்? பக்கத்து பிளாக்கில் வளைகாப்பு நடந்தால் உனக்குச் சாதம் மட்டும் டிபன் பாக்ஸில் வீடு தேடி வந்தது. நம் வீட்டிலேயே யாராவது வெளியே கிளம்பும்போது நீ அடுக்களைக்குள் போய்விடுவாய். ஞாயிற்றுக்கிழமை பூசை, மற்ற நாளெல்லாம் சகுனம் என்று இரண்டையும் ஒரே அலமாரியில் வைத்துக்கொண்டிருந்த குடும்பம்தானே நாம்! ஒருநாள் நீ கண்ணாடிக்கு முன்னால் நாக்கை நீட்டி, புள்ளி ஏதாவது இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தாய். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நீயும் சிரிப்பாய் என்று பார்த்தேன். நீ நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு முகம் கழுவப் போய்விட்டாய்.

அதற்கப்புறம் தியேட்டரில் நீ பேசவில்லை. கத்தரி கேட்டால் கத்தரி, நூல் கேட்டால் நூல். "இப்பத்தான் ஸ்டெல்லா நல்ல நர்ஸா ஆயிருக்கா" என்று என் காதுபடவே சொன்னார்கள். எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வந்தது.

பிறகு நீயே அந்த மேஜையில் படுத்தாய். கர்ப்பப்பையை எடுக்கிற ஆபரேஷன், தினம் நடப்பதுதான். நடுவில் ஆக்சிஜன் தீர்ந்துபோனது. சிலிண்டரின் மீட்டர் முள் பாதியில் ஒட்டிக்கொண்டு, பாதி இருப்பதாகவே காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. உன் உதடு நீலமானதைப் பார்த்து, வேறு சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்து மாட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

உன்னைக் கல்லறையில் வைத்துவிட்டு வந்த பிறகு தியேட்டர் ஆயா கன்னியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "இன்னா சொல்லுவேன் சிஸ்டர்! உள்ள தள்ளிகினு போறப்போ என் கையப் புட்சிகினு கேட்டுச்சு. 'கன்னிம்மா, அந்த முள்ளு ஒட்டிக்கினு கீது, டாக்டராண்ட சொல்லட்டா'ன்னு. நாந்தான், 'சும்மா கெட தாயீ, உன் ஆப்ரேசனுக்கு நீயே வாய வெச்சிக்காத'ன்னேன். ஆசையா சொன்னேன் சிஸ்டர். நல்லா வரணும்னு ஆசையாத்தான் சொன்னேன்."

அவளை நான் எப்படித் திட்டுவது? உன் மேல் உயிரையே வைத்திருந்தவள். முள் ஒட்டுவது டெக்னீஷியனுக்கும் தெரியும். இன்னொரு நர்ஸுக்கும் தெரியும். ஒருத்தர் சொல்லுவார் என்று இன்னொருத்தர் இருந்துவிட்டார்கள். எல்லாருக்கும் தெரிந்த ஒரு விஷயம் எப்படி ஸ்டெல்லா உன்னைக் கொன்றது?

இந்தக் கேள்வியோடு நான் வருஷக்கணக்காகக் கிடந்தேன். நான் அந்த ஆஸ்பத்திரியில் நர்ஸிங் டியூட்டர், ஊசி போடவும் கட்டுக் கட்டவும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவள். வேறென்ன தெரியும் எனக்கு? அப்போதுதான் மயக்க மருந்து கொடுக்க வசந்தா டாக்டர் வந்து சேர்ந்தார். ஒருநாள் டீ குடிக்கும்போது அவர் சொன்னார்: "பிளேன் ஓட்டுறவங்களுக்கு ஒரு பயிற்சி இருக்கு சிஸ்டர். பெரியவர் தப்புப் பண்றதை சின்னவர் பார்த்துட்டு, மரியாதைக்காக வாயை மூடிக்கிட்டு இருந்தா ரெண்டு பேரும் சேர்ந்துதான் விழுவாங்க. நமக்குக் கத்தி பிடிக்கக் கத்துக்குடுத்தாங்க. கூட நிக்கிறவங்க கிட்ட பேசக் கத்துக்குடுக்கல. அதை நாம சொல்லிக்குடுத்தா என்ன?"

டீ ஆறிப்போகும்வரை அழுதேன். மறுவாரமே ஆரம்பித்துவிட்டோம். டாக்டர், நர்ஸ், டெக்னீஷியன், ஆயா எல்லாரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்து ஒரு வகுப்பு. ஆயா பக்கத்தில் டாக்டர் உட்காருவதற்கே பாதி வகுப்பு போய்விட்டது. முதல் பாடம் சுலபமானது என்றுதான் நினைத்தேன். ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்லிவிட்டு, "இந்த ஆபரேஷன்ல இன்னைக்கு என்ன தப்பா போகலாம்? ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்க" என்றேன்.

ஒவ்வொருவராக, "ஒண்ணும் ஆகாது சிஸ்டர்", "எல்லாம் நல்லபடியா நடக்கும்" என்றார்கள். "நெருப்புன்னா வாய் வெந்துடுமா? சும்மா சொல்லுங்க" என்று சத்தம் போட்டேன். டெக்னீஷியன் மெதுவாகச் சொன்னான், "வேணாம் சிஸ்டர். ஒருத்தங்க சொல்லி, அவங்களே போய்ட்டாங்க." நீ சொல்லாததால் போனாய் என்பதுகூட அவன் நினைவில் இல்லை. கடைசி பெஞ்சில் உன் மகள் இருந்தாள். அவளாவது சொல்லுவாள் என்று பார்த்தேன். "நல்லபடியா நடக்கும் மேடம்" என்றாள். அவள் கண்ணில் ஏதோ இருந்தது, வாயில் வரவில்லை. உன் கடைசி வருஷத்து முகம் அது.

அன்றைக்கு எனக்கு ஒன்று விளங்கியது. சின்னவர்களை எத்தனை தரம் பேசு பேசு என்றாலும் பேசமாட்டார்கள். அந்தக் கெட்ட வார்த்தையை முதலில் பெரியவர் தன் வாயால் சொல்ல வேண்டும். நேரே பெரிய டாக்டரிடம் போனேன்.

"கத்தி எடுக்கறதுக்கு முன்னாடி 'நான் தப்புப் பண்ணலாம்'னு சொல்லணுமா? பேஷண்ட் எழுந்து ஓடிடுவா ரெஜினா" என்று சிரித்தார்.

"பேஷண்ட் காதுல விழ வேணாம் சார். வெளியே கை கழுவற இடத்துல நின்னு சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் மத்தவங்க சொல்லுவாங்க."

"நல்ல காரியம் தொடங்கும்போது எதுக்கு அந்தப் பேச்சு?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் கேட்டே விட்டேன். "சார், ஸ்டெல்லா படுத்திருந்த அன்னைக்கு அந்த மீட்டர் முள்ளைப் பத்தி உங்களுக்குத் தெரியுமா?"

சிரிப்பு போய்விட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "தெரியும். சரிபண்ணியிருப்பாங்கன்னு நெனச்சேன்" என்றார்.

கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். பேசியிருந்தால் என் வேலை போயிருக்கும். அடுத்த நாளிலிருந்து கை கழுவுகிற இடத்தில் முதலில் அவர் சொன்னார். அதற்கப்புறம் ஆயா, நர்ஸ், டெக்னீஷியன், கடைசியில் வசந்தா டாக்டர். 'ஒண்ணும் ஆகாது' என்ற பேச்சுக்கு மட்டும் அங்கே தடை போட்டேன். பயம் மெல்ல விட்டது. கன்னியம்மாகூட, "தர ஈரமா கீது சார், யார்னா வழுக்கி வுழுந்தா நான் பொறுப்பு கெடையாது" என்று சொல்லப் பழகிவிட்டாள். பிரின்ஸி மட்டும் நூல் குறைவாக இருக்கிறது, விளக்கு மங்கல் என்று சில்லறை விஷயமாகச் சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தாள். நேற்று வரைக்கும்.

நேற்று குமணன்சாவடியில் டயர் கடை வைத்திருக்கிறவரின் அம்மாவுக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன். நான் வாசலில் நின்றிருந்தேன். பெரிய டாக்டர், "நான் இன்னைக்கு அவசரத்துல இருக்கேன், அவசரப்பட்டா நிறுத்துங்க" என்றார். பிரின்ஸியின் முறை வந்தது. அவள் கீழே பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"சார், அந்தம்மா கை சுடுது. தெர்மாமீட்டர்ல பெருசா காட்டல. ஆனா மூச்சு விடறப்ப நெஞ்சுல ஏதோ சத்தம் கேக்குது. இன்னைக்கு மயக்கம் குடுத்தா எழுந்திருப்பாங்களான்னு எனக்கு பயமா இருக்கு சார்."

வசந்தா டாக்டர் உள்ளே போய் நெஞ்சில் வைத்துக் கேட்டார். "இருக்கற மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு" என்றார். பெரிய டாக்டர் கையைத் துடைத்தார். "ஒரு வாரம் தள்ளிப் போடுவோம்." ஸ்டெல்லா, கைதட்டிவிடுவேனோ என்று பயந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். உனக்கு நடந்திருக்க வேண்டியது அது.

வெளியே அந்த அம்மாவின் மகன் குதித்தார். "இன்னா சார், வெளாட்றீங்களா? நல்ல நேரம் குறிச்சி வாங்கினு வந்துகீறோம். இந்தப் பொண்ணு வாய வெச்சிது, எல்லாம் போச்சு! இதோட அம்மா யாருன்னு எனக்குத் தெரியாதா?" சொல்லிவிட்டு அம்மாவை ஆட்டோவில் ஏற்றி வேறு ஒரு இடத்தில் சேர்த்துவிட்டார். வசந்தா டாக்டர் அங்கே போன் போட்டு விஷயத்தைச் சொன்னார். "நாங்க பார்த்துக்கறோம்" என்று வைத்துவிட்டார்களாம். இன்றைக்கு மத்தியானம் அங்கே ஆபரேஷன். நான் இதை எழுதுகிற இந்த நேரம்தான்.

உனக்குப் புரிகிறதா என் பயம்? அந்த அம்மா நன்றாக எழுந்துவிட்டால், உன் மகள் வீணாகப் பீதியைக் கிளப்பினவள். எழாவிட்டால், உன் மகள் கருநாக்குக்காரி. ஒரு வாரம் தள்ளிப்போட்டு இங்கேயே செய்து பிழைத்திருந்தாலும், பிரின்ஸி சொன்னதால்தான் பிழைத்தாள் என்று எவன் சொல்லப் போகிறான்? நடக்காமல் போன சாவுக்குச் சாட்சி ஏது?

'தாய் எட்டடி பாய்ந்தால் குட்டி பதினாறடி' என்று குவார்ட்டர்ஸ் குழாயடியில் நேற்று சாயங்காலமே ஆரம்பித்துவிட்டார்கள். தாஸ் சாப்பிடவில்லை. "அவள தியேட்டர்லேர்ந்து எடுத்துடுக்கா. வார்டுல போடு. இந்தப் பேரோட ஒருத்தியப் பறிகுடுத்தது போதும்" என்கிறான். அவனைக் குறை சொல்லாதே. அவனும் உன்னை ஆசையாகத்தான் வாயை மூடச் சொன்னான்.

இப்போது அறையில் பிரின்ஸி முழங்காலில் நின்று ஜெபித்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "அத்தை, நான் சொன்னது தப்பாப் போகணும்னு வேண்டிக்கங்க. அந்தம்மா எழுந்து உக்காந்து காப்பி கேக்கணும். என்னைப் பைத்தியம்னு ஊரே சிரிக்கட்டும், பரவாயில்ல."

கருநாக்குக்காரி இப்படியா வேண்டிக்கொள்வாள், ஸ்டெல்லா? பாரிவாக்கத்துப் பெண் மேஜையில் கிடந்தபோது நீயும் இப்படித்தான் வேண்டிக்கொண்டு நின்றாயா? உன்னை ஒருத்தராவது கேட்டோமா?

நானும் அவளோடு வேண்டிக்கொண்டேன். செய்தி இன்னும் வரவில்லை. எந்தச் செய்தி வந்தாலும் நாளைக் காலையில் பிரின்ஸி கை கழுவுகிற இடத்தில் நிற்பாள், அவள் முறை வரும். அவளை வெளியே அனுப்பு என்று எவர் சொன்னாலும் முதலில் என்னை அனுப்பட்டும். அவள் கண்ணில் பட்டது அவள் வாயில் வருகிறவரைக்கும் அந்தத் தியேட்டர் கதவை நான் திறக்கவிட மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

பிரின்ஸிக்கு அத்தை,
உனக்கு எப்போதும் நாத்தனார்,
ரெஜினா