வடக்குச் சுவருக்கு ஒரு ஸ்வெட்டர்

ஜூலை 8
மகன் வீட்டில் என் கட்டிலை ஒட்டிய வடக்குச் சுவரில் மறுபடியும் பூசணம். கிறிஸ்துமஸுக்கு அடித்த பெயின்ட் அதற்குள் கறுத்துவிட்டது. ஒரே இருமல். தங்கவயல் சுரங்கத்தில் தின்ற தூசி ஏற்கெனவே நெஞ்சில் இருக்கிறது, இதுவும் சேர்ந்தால்? இன்னும் அந்தத் தங்கவயலிலேயே தனியாக இருக்கும் தம்பி ஆம்ப்ரோஸ் போனில் சொல்கிறான்: "அந்த அல்சூர் ரூம்ல கெடந்து சாவாத. அடுத்த மாசம் நானே வந்து கூட்டினு போறேன்."

போகத்தான் வேண்டும். ஆனால் மனசில்லை. மகனோடும் மருமகளோடும் சண்டை போட்டுக்கொண்டே சாப்பிட்டுப் பழகிவிட்டது.

ஜூலை 9
தம்பியோடு போவதாகச் சொல்லிவிட்டேன். மகன் ஃபிராங்க்ளின் தலை குனிந்துகொண்டான். மருமகள் லவினாதான், "சொவரு சரியில்லன்னா சொவத்த சரி பண்ணணும் மாமா. மனுசன எதுக்கு அனுப்பணும்?" என்றாள். அதட்டல்தான். ஆனால் போகாதே என்கிற அதட்டல்.

ஜூலை 12
மழைத் தண்ணீர் வெளியே இருந்து ஊறுகிறது என்றேன். காலமெல்லாம் பாறைக்குள் வேலை பார்த்தவன் — ஈரம் எங்கிருந்து வருமென்று எனக்கா தெரியாது?

லவினா வாதாடவில்லை. சுவரைத் துடைத்து, சப்பாத்தி சுற்றும் ஃபாயிலை அதில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டினாள். "தண்ணி சொவத்துக்குள்ள இருந்து வந்தா பின்னாடி நனையும். ரூம் காத்துல இருந்து வந்தா முன்னாடி. பந்தயமா மாமா?"

பந்தயம் என்றேன்.

ஜூலை 14
தோற்றேன். ஃபாயிலின் முன்பக்கம் முத்து முத்தாக நீர். பின்னால் காய்ந்து கிடக்கிறது.

மழைக்குப் பயந்து ஜன்னலை அடைத்து, அறைக்குள்ளேயே கொடி கட்டி வேட்டி உலர்த்தியது யார்? நான்தான். அந்த ஈரம்தான் குளிர்ந்த சுவரில் போய்ப் படிகிறது. ஜெயித்ததை அவள் சொல்லிக்காட்டவே இல்லை. என்ன பெண் இவள்! நானாக இருந்தால் தெருவுக்கே சொல்லியிருப்பேன்.

ஜூலை 20
பூசணத்தைத் தேய்த்துக் கழுவி, ஃபேன் போட்டுக் காயவைத்தாயிற்று. கார்ப்பெண்டர் சுனில் தெர்மாகோலைவிடக் கெட்டியான நுரைப் பலகைகளைச் சுவர் முழுக்க ஒட்டினார். இடுக்கு இருந்தால் அறைக்காற்று பின்னால் புகுந்து மறுபடி சுவர் வேர்க்குமாம். லவினா ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தடவிப் பார்த்து அடைக்கச் சொன்னாள்.

"உங்களுக்கு மட்டும் ஸ்வெட்டரா மாமா? சொவத்துக்குக் குளிராதா?"

துணிக்கொடி மொட்டைமாடியில் ஷீட் கூரைக்குக் கீழே போனது. குளியலறைக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் வந்தது.

ஆகஸ்ட் 3
விடாத மழை. சுவரில் கை வைத்தேன், சில்லென்று இல்லை. வாடையும் இல்லை. இருமல் பாதியாகக் குறைந்திருக்கிறது. லவினாவிடம் சொன்னேன், "தெரியுது மாமா, டிவி சத்தம் இப்பதான் கேக்குது" என்கிறாள்!

ஆகஸ்ட் 11
என்னைக் கூட்டிப்போக நேற்று ஆம்ப்ரோஸ் வந்துவிட்டான். அவனும் சுரங்கத்தில் இருந்தவன், அவனுக்கும் இதே நெஞ்சு. என் அறையில் பாய் போட்டுப் படுத்தவன், ஒரு இருமல்கூட இல்லாமல், விடிந்தும் அடித்துப்போட்டதுபோல் தூங்கினான்.

ஆகஸ்ட் 24
ஆம்ப்ரோஸ் இன்னும் கிளம்பவில்லை. இன்னொரு கட்டில் எங்கே போடலாம் என்று லவினா காலையில் அறையை அளந்துகொண்டிருந்தாள். "சொவத்த ஒட்டாம கொஞ்சம் தள்ளிப் போடும்மா, காத்து போவணும்" என்று தம்பி அவளுக்கே பாடம் எடுக்கிறான்.