வேகாத பருப்பும் போகாத சோப்பும்

ராயபுரம், திருப்பூர்
வியாழக்கிழமை

அன்பு மகள் சாயிமாவுக்கு அத்தா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உங்கம்மாவும் சுகம், உன் தம்பி ஷாரிக் எங்கள் இரண்டு பேரையும்விட சுகம், தூங்கியே குண்டாகிவிட்டான். கிளாஸ்கோ குளிரில் நீயும் சளி கிளி இல்லாமல் இருக்கிறாய் என்றே வைத்துக்கொள்கிறேன். இதைப் போனில் சொன்னால் நீ பாதியில் சிரித்துவிடுவாய், அம்மா குறுக்கே பேசுவாள், அதனால்தான் காகிதம். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நம் மெஸ் ஜெயித்துவிட்டது.

பக்கத்து ஊர் நெருப்பெரிச்சலில் நாம் சாப்பாடு போடுகிற நிட்டிங் கம்பெனிக்கு, ரோடு தோண்டியதில் குழாய் உடைந்து ஆற்றுத் தண்ணீர் நின்றுபோனதால், ஒரு மாதமாகக் கிட்டுசாமியின் லாரித் தண்ணீரில்தான் சமைத்தேன். அன்றிலிருந்து பருப்பு வேகவில்லை. எட்டு விசில் விட்டாலும் சாம்பாரில் மணல் மாதிரி நெறநெற. ஒரிசாக்காரர்கள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு தால் கச்சா, தால் கச்சா என்கிறார்கள், பருப்பு பச்சையாக இருக்கிறதாம். நான் பருப்புக்கடை நஞ்சப்பனோடு சண்டை போட்டேன், குக்கர் ரப்பரை மாற்றினேன், ஆப்பச்சோடா போட்டேன், ஷிப்டு முழுக்க ஏப்பம் விட்டதுதான் மிச்சம். தண்ணீர்மேல் சந்தேகமே வரவில்லை. உப்புத் தண்ணீர் என்றால் கரிக்கும், சப்பைத் தண்ணீர் என்றால் வாயில் சப்பென்று நிற்கும், இதுவோ குடிக்க நன்றாக இருக்கிறதே என்று நாக்கை நம்பினேன், பிரியாணிக்கு உப்புப் பார்க்கிற நாக்கு என்ற திமிர். போன வாரம் மேனேஜர் வேல்குமார் கூப்பிட்டு, வியாழக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் வேறு மெஸ் பார்த்துக்கொள்வதாக, மரியாதையாகத்தான், சொல்லிவிட்டார். இருபது வருஷத்து அடுப்பு கண்ணு. அன்றைக்கு உங்கம்மா சாப்பிடவே இல்லை. நான் சாப்பிட்டேன், அதிலும் பருப்பு நெறநெற.

அன்று சாயங்காலம்தான் நீ போனில், அந்த ஊர்த் தண்ணீரில் எவ்வளவு கழுவினாலும் சோப்பு வழுவழுவென்று போகவே மாட்டேன் என்கிறது என்று அழாத குறையாகச் சொன்னாய். சோப்பையே தின்றுவிடு என்று உன்னைக் கேலி பண்ணிவிட்டு மெஸ்ஸில் அந்த லாரித் தண்ணீரில் கை கழுவப் போனேன். இங்கே தேய்க்கத் தேய்க்க நுரையே இல்லை, பால் திரிந்த மாதிரி வெள்ளையாகக் கையில் ஒட்டுகிறது. உனக்குச் சோப்பு போகவில்லை, எனக்கு நுரை வரவில்லை, சோப்பு ஒன்றுதான், அப்படியானால் வித்தியாசம் தண்ணீரில்தானே என்று அப்போதுதான் உறைத்தது. ஓடிப்போய் டீ கெட்டிலைத் திறந்தால், அடியில் சுண்ணாம்பு அடித்தாற்போல் வெள்ளைப் பொருக்கு.

மறுநாள் கம்பெனி கேண்டீனில் வேல்குமாரையும் கிட்டுசாமியையும் உட்கார வைத்தேன். ஒரு பாட்டிலில் மாடி டிரம்மில் பிடித்த மழைத் தண்ணீர், இன்னொன்றில் லாரித் தண்ணீர், இரண்டிலும் ஒரே அளவு சோப்புச் சீவல். குலுக்கினேன். மழைத் தண்ணீர் கழுத்துவரை நுரைத்தது, லாரித் தண்ணீரில் திப்பிதிப்பியாக அழுக்கு மாதிரி மிதந்தது. கிட்டுசாமி விடவில்லை. “தண்ணியில என்னங்க பாய் சாதி பாக்கறீங்க, எல்லாம் மேகத்துல இருந்து வந்ததுதானுங்களே” என்றார். “மேகத்துல இருந்துதானுங்க வந்துச்சு, உங்க லாரிக்கு வர்றதுக்குள்ள ஆயிரம் அடி பாறைக்குள்ள பூந்து சுண்ணாம்பத் தின்னுட்டு வந்துருக்குதுங்க” என்றேன். பிறகு இரண்டு குக்கர், அதே நஞ்சப்பன் பருப்பு, நாலே விசில். மழைத் தண்ணீர்ப் பருப்பை வேல்குமார் விரலால் தொட்டார், வெண்ணெயாகிவிட்டது. லாரித் தண்ணீர்ப் பருப்பை அமுக்கினார், வழுக்கித் தெறித்துக் கிட்டுசாமி சட்டையில் போய் விழுந்தது. அப்புறம்தான் கிட்டுசாமி, ஆற்றுத் தண்ணீர் பிடிக்கும் இடத்தில் கூட்டமாக இருந்ததால் அவிநாசிபாளையம் பக்கம் ஒரு தோட்டத்துப் போர்வெல்லில் பிடித்ததாக ஒத்துக்கொண்டார். இப்போது ஆற்றில்தான் பிடிக்கிறார், நான் பாட்டிலைக் குலுக்கிப் பார்க்காமல் ஒரு குடம் இறங்காது. நஞ்சப்பனிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன், அந்தச் சாக்கில் ஐந்து கிலோ பருப்பை என் தலையில் கட்டிவிட்டார்.

இன்றைக்கு வியாழக்கிழமை. ஒரிசாக்காரர்கள் இரண்டாவது தடவை பருப்பு கேட்டார்கள். வேல்குமார் பகல் ஷிப்டு நாற்பது பேரோடு நைட் ஷிப்டு நாற்பது பேருக்கும் நம்மையே போடச் சொல்லிவிட்டு, இதெல்லாம் எங்கே படித்தீர்கள் பாய் என்றார். “கிளாஸ்கோலங்க, எம்பொண்ணு பாத்ரூமுல” என்றேன்.

அதனால் கண்ணு, உன் ஊர்த் தண்ணீரைத் திட்டாதே, அது சுண்ணாம்பே இல்லாத மெத்தென்ற தண்ணீர், சோப்பைப் பாதியாகக் குறைத்துக்கொள், குளிரில் அரைமணி நேரம் கழுவிக்கொண்டு நிற்காதே. தலையை நன்றாகத் துவட்டு. தொழுகையில் எங்களையும் நினைத்துக்கொள். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் குறையாத சோறும் பிழைப்பும் கொடுப்பானாக. இனிமேல் உனக்கு ஏதாவது குறை என்றால் அத்தாவிடம் உடனே சொல், எந்தக் குறை இங்கே எதற்கு உதவும் என்று தெரியவில்லை.

இப்படிக்கு,
எண்பது பேருக்குப் பருப்பு கடையும் உன் அத்தா,
அய்யூப்