மிச்சமான தண்ணீர்

மார்ச் 3
இன்று பன்னிரண்டாவது தோட்டத்திலும் கருவியைப் பொருத்திவிட்டோம். மண்ணில் செருகினால் ஈரத்தை அளக்கும். காய்ந்தால் மட்டும் சொட்டுநீர்க் குழாயைத் தானே திறந்துவிடும். அம்மா கேலி செய்கிறாள், மண்ணுக்குக் காய்ச்சல் பார்க்கிறோமாம். செய்வது தம்பி, தோட்டக்காரர்களிடம் பேசுவது நான். இரண்டு வருடம் நாயாய் அலைந்து, இப்போதுதான் ஒரு முதலீட்டாளர் அறிக்கை கேட்டிருக்கிறார். எவ்வளவு தண்ணீர் மிச்சம்? அதுதான் அவருக்குத் தெரிய வேண்டும்.

மார்ச் 9
வெயில். பட்டறைத் தகரம் கொதிக்கிறது.

மார்ச் 14
தக்காளிக்காரம்மா கூப்பிட்டார். ஊரே எங்களைப் பார்த்துச் சிரித்தபோது முதலில் நம்பியவர். "செடியெல்லாம் தொங்குதும்மா. ஃபோன்ல பாத்தா ஈரம் இருக்குன்னே காட்டுது."
ஓடினேன். மண் பொடியாக உதிர்ந்தது. ஆறு நாளாகக் குழாய் திறக்கவேயில்லை. பூவெல்லாம் தரையில். முந்தாநாளே சந்தேகம் வந்ததாம். "நீ பொருத்தினது, சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."
ஐயோ, இதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

மார்ச் 16
மண்ணில் உப்பு, இந்த வெயிலில் மேலேறியிருக்கிறது. அதை ஈரமென்று எடுத்துக்கொண்டிருக்கிறது கருவி. பொருத்துவதற்கு முன்பே மண்ணைச் சோதித்திருக்க வேண்டும். அது என் வேலை. அவசரப்பட்டது நான்.

மார்ச் 20
அறிக்கை தயார். பன்னிரண்டில் அதிகத் தண்ணீரை மிச்சம் பிடித்த தோட்டம் எது? தக்காளிக்காரம்மாவுடையது. செத்த செடி தண்ணீர் கேட்காதே! அதை அறிக்கையிலிருந்து எடுத்துவிடு என்றேன்.
"பொய் ஒண்ணும் எழுதலையேக்கா. தண்ணி மிச்சமானது நெசந்தானே?" என்றான் தம்பி. என் முகத்தைப் பார்க்காமல்.

மார்ச் 21
நடந்ததை ஒன்று விடாமல் முதலீட்டாளருக்கு எழுதி அனுப்பிவிட்டேன். தம்பியிடம் சொல்லவில்லை.

மார்ச் 27
பதில் வந்தது. நேர்மைக்கு நன்றி, இப்போதைக்கு இயலாது. தம்பி இரண்டு முறை படித்தான். கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை.
"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல."
சொல்லியிருந்தால் வேண்டாம் என்றிருப்பான். நானும் அவன் பேச்சைக் கேட்டிருப்பேன் — அந்தப் பயம்தான். இதை அவனிடம் எப்படிச் சொல்வது?

ஏப்ரல் 2
மற்றப் பதினோரு தோட்டங்களிலும் மண்ணைச் சோதித்தோம். இரண்டில் உப்பு, கருவியைக் கழற்றிவிட்டோம். அவன் தனி வண்டியில் வந்தான்.

ஏப்ரல் 18
தக்காளிக்காரம்மா நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டார். காய்கறி தரம் பிரிக்கும் கூடத்தில் வேலை. தேடிப் போனேன். தலையில் வலைத்தொப்பி, முன்னால் நகரும் பட்டையில் யாரோ விளைவித்த தக்காளி. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.
"அத விடு. நெழல்ல நிக்கிற வேலை, நல்லாத்தான் இருக்கு."
சொன்னபோதும் கை ஓயவில்லை. நசுங்கியது ஒரு பக்கம், நல்லது ஒரு பக்கம்.

ஏப்ரல் 30
தம்பிக்கு வேறு ஊரில் வேலை. பேருந்து நிலையம் வரை போனேன். பெட்டியை நான் தூக்கினேன், தடுக்கவில்லை. போய்ச் சேர்ந்ததும் செய்தி அனுப்பச் சொன்னேன், தலையாட்டினான்.
மாலை வரை ஃபோனைக் கையிலேயே வைத்திருந்தேன். அம்மா அடுப்படியிலிருந்து வந்து சொன்னாள்: "சேந்துட்டானாம்."