மூன்றாம் ஓலைக்கு முன்

1979 மார்ச் 11, ஞாயிறு

பீடோர் தோட்டத்தில், அப்பாவின் கூடப் பிறந்த அத்தை வீட்டில் நிச்சயம் நல்லபடியாக முடிந்தது. என் தங்கை ரோசம்மாவுக்கும் அத்தை மகன் ஆம்புரோசுக்கும். பதினோரு வருடத்துக்கு முன் அதே வீட்டிலிருந்துதான் எல்ஸியை நான் கட்டிக்கொண்டு வந்தேன். இப்போது தங்கையை அந்த வீட்டுக்கே அனுப்புகிறோம். சொந்தத்தில் கட்டுவதற்கு மேற்றிராணியார் பிஷப்பின் அனுமதி வேண்டும். எங்களுக்கு வந்தது போல இதற்கும் வந்துவிடும் என்றார் சாமியார்.

அப்பா இருந்திருக்க வேண்டும். நாற்பத்து மூன்று வயதில், ரப்பர் பால் வெட்டப் போன இடத்தில், மரத்தடியிலேயே விழுந்தார். காட்டேறி அடித்தது என்றார்கள். லியோனார்ட் அண்ணனாவது இருந்திருக்க வேண்டும். இரண்டு வருடம் ஆகப்போகிறது. முப்பத்தொன்பது வயது, தைப்பிங் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே போய்விட்டான். அவனை எது அடித்தது என்று ஒருவரும் சொல்லவில்லை. அதனால் இன்று தாம்பூலத்தட்டை நான் பிடித்தேன்.

கோயிலிலிருந்து அத்தை வீட்டு மேடு ஏறும்போது எங்கள் மகள் பாப்பா இரண்டு முறை நின்றாள். சோம்பேறி என்று கேலி செய்தேன். முழங்கை, முழங்கால் எல்லாம் மரு. பள்ளிப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள் என்று கையைப் பாவாடைக்குள் மறைத்துக்கொள்கிறாள். ஏழு வயதுப் பெண்ணுக்கு எவ்வளவு வெட்கம்! கல்யாணப் போட்டோவுக்கு முன் ஆஸ்பத்திரியில் காட்டி எடுத்துவிட வேண்டும்.

ஏப்ரல் 2, திங்கள்

மரு இல்லையாம்.

ஈப்போ ஆஸ்பத்திரியில் ஒரு சீன டாக்டரம்மா, சின்ன வயது. பாப்பாவின் முழங்கையை அழுத்திப் பார்த்தார். குதிகாலைப் பார்த்தார். பிறகு என்னிடம், "உங்கள் சப்பாத்தைக் கழற்றுங்கள்" என்றார். எதற்கு என்று புரியாமல் கழற்றினேன். குதிகாலுக்கு மேலே நரம்பு எனக்குக் கயிறு மாதிரித் தடித்திருக்கும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அண்ணனுக்கும் அப்படித்தான் இருந்தது. பந்து விளையாடும்போது அதைப் பெருமையாகக் காட்டுவான்.

அப்பா எந்த வயதில் இறந்தார் என்று கேட்டார். சொன்னேன். அண்ணன்? சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. வெளியே போய் இன்னும் இரண்டு டாக்டர்களை அழைத்து வந்தார். மூவரும் மாறி மாறி பாப்பாவின் நெஞ்சிலும் கழுத்திலும் குழாயை வைத்துக் கேட்டார்கள். அவளுக்குக் கூச்சம், சிரித்துக்கொண்டே இருந்தாள். அவர்களில் ஒருவரும் சிரிக்கவில்லை.

எங்கள் மூன்று பேருக்கும் இரத்தம் எடுத்தார்கள். மருவுக்கு எதற்கு இரத்தம் என்று எல்ஸி கேட்கிறாள். எனக்கும் தெரியவில்லை.

ஏப்ரல் 9, திங்கள்

எப்படி எழுதுவது?

எனக்கு 370. எல்ஸிக்கு 345. பாப்பாவுக்கு 740.

இரத்தத்தில் உள்ள கொழுப்பின் அளவு. அந்த வயதுப் பிள்ளைக்கு 160 இருந்தால் போதுமாம். சாப்பாட்டால் வந்ததில்லை என்றார் டாக்டரம்மா. பிறக்கும்போதே உள்ள குறை. கொழுப்பை உடம்பால் கழிக்க முடியவில்லை, அது தோலுக்கடியிலும் நெஞ்சின் இரத்தக் குழாய்களிலும் படிகிறது. "தகப்பனிடம் ஒன்று, தாயிடம் ஒன்று. ஒன்று மட்டும் வந்தவர்கள் நாற்பது வயதில் விழுகிறார்கள். இரண்டும் வந்த பிள்ளை..." அதோடு நிறுத்திக்கொண்டார்.

எல்ஸி அப்போது பாப்பாவை வெளியே தண்ணீர் குடிக்கக் கூட்டிப் போயிருந்தாள். டாக்டரம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "நீங்கள் இருவரும் உறவா?"

அத்தை மகள் என்றேன்.

தலையை மட்டும் ஆட்டினார். அவர் ஏதாவது திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பஸ்ஸில் எல்ஸி கேட்டாள், "சொந்தத்துல கட்டுனதாலயா?"

"இல்ல. இது யாருக்கும் வரும்" என்றேன்.

ஏப்ரல் 10

பாப்பா இரண்டு இட்லி சாப்பிட்டுப் பள்ளிக்கூடம் போனாள். நான் வாசலிலேயே நின்றேன். பஸ் நிலையத்தில் முதல் பஸ்ஸுக்கு நேரம் குறிக்க மறந்துவிட்டேன் – டைம்கீப்பராக இருபது வருட வேலையில் முதல் முறை.

ஏப்ரல் 17, செவ்வாய்

குடும்பத்தில் இன்னும் யாராவது இளம் வயதில் இறந்தார்களா என்று விசாரிக்கச் சொன்னார் டாக்டரம்மா. இங்கே வேறு யாரும் இல்லை. தாத்தாவின் அண்ணன் ஒருவர் இருந்தார். ஒரே ஊரிலிருந்து ஒரே வருடம் கிளம்பினார்கள். தாத்தா ரப்பருக்கு இங்கே வந்தார், பெரியவர் கரும்புக்கு ஆப்பிரிக்கா போனார். அவர் பேரன் ஜேக்கப் டர்பனில் இருக்கிறான். எனக்கு அண்ணன் முறை. கிறிஸ்துமசுக்கு மட்டும் கார்டு போட்டுக்கொள்வோம். முகம்கூடப் பார்த்ததில்லை. அவனுக்கு இன்று கடிதம் எழுதினேன்.

மே 6, ஞாயிறு

பூசை முடிவில் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை வாசித்தார்கள், மொத்தம் மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். "ஆம்புரோசுக்கும் ரோசம்மாவுக்கும்... இவர்களுக்குள் தடை ஏதேனும் அறிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்கக் கடவார்கள்."

இருபத்தாறாம் தேதி கல்யாணம். ஆம்புரோஸ் எல்ஸியின் கூடப் பிறந்தவன். ரோசம்மா என் கூடப் பிறந்தவள். இன்னொரு பாப்பா.

நான் எதுவும் சொல்லவில்லை. யாரிடம் போய் எப்படிச் சொல்ல? கார்டு அடித்தாகிவிட்டது. வெறும் பயமாக இருக்கலாம். அவர்கள் இருவருக்கும் இல்லாமலும் இருக்கலாமே?

மே 9, புதன்

டர்பனிலிருந்து பதில். ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறான், அவர்களுக்குத் தமிழ் போய்விட்டது.

அவன் தகப்பனார் இறந்தது நாற்பத்தாறு வயதில். சித்தப்பா நாற்பத்தொன்றில். இரண்டு அண்ணன்மார், ஒருவன் முப்பத்தேழில். எல்லோருக்கும் நெஞ்சு. எல்லோருக்கும் குதிகால் தடித்திருந்ததாம். அங்கே போயர் வெள்ளைக்காரக் குடும்பங்களிலும் இது நிறைய இருக்கிறதாம், நம் ஆட்களிலும் இருக்கிறதாம். கறுப்புத் தோல், வெள்ளைத் தோல் என்று பஸ்ஸைக்கூடப் பிரித்து வைத்திருக்கும் ஊரில் இந்த ஒன்றை மட்டும் பிரிக்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறான்.

கடைசிப் பத்தியை அப்படியே எழுதி வைக்கிறேன்: "1976இலேயே ஒரு டாக்டர் என்னிடம் சொன்னார், மலாயாவில் உனக்கு இரத்த உறவு இருக்கிறதா, உடனே எழுதிப் பரிசோதிக்கச் சொல் என்று. கிறிஸ்துமஸ் கார்டில் போய் இதை எப்படி எழுதுவது என்று விட்டுவிட்டேன். பிறகு மறந்தே போனேன். என்னை மன்னித்துக்கொள், தம்பி."

1976. அண்ணன் செத்தது 77.

மே 13, ஞாயிறு

இரண்டாம் ஓலை. முழங்காலில் இருந்தேன். பக்கத்தில் ரோசம்மா. ஜேக்கப்பை நான்கு நாளாக மனத்துக்குள் திட்டிக்கொண்டிருக்கிறேன். அவன் செய்ததற்கும் நான் செய்வதற்கும் என்ன வித்தியாசம்?

மே 17, வியாழன்

சொல்லிவிட்டேன்.

ரோசம்மா பிஸ்கட் பேக்டரியிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். "ஓலைய நிறுத்தணும் தங்கச்சி" என்றேன்.

"என்னண்ணே, விளையாடுறியா லா?"

ஜேக்கப்பின் கடிதத்தை எடுத்தேன். அப்பா, லியோனார்ட், டர்பன், எல்லாம் சொன்னேன். சொந்தத்தில் கட்டினால் இரண்டு பக்கமிருந்தும் பிள்ளைக்கு வரலாம் என்று சொன்னேன். அவள் பாதியிலேயே வேறொன்றைப் பிடித்துக்கொண்டாள்.

"பாப்பாவுக்கு என்னண்ணே? அது மருதானே? மருதானேண்ணே?"

கடிதத்தை மடித்தேன். துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அதை எடுத்துவிட்டு, "எப்ப தெரியும் உனக்கு?"

"ஒரு மாசம் ஆச்சு."

"ஒரு மாசமா! ரெண்டு ஓலை வாசிக்கிற வரைக்கும் என் பக்கத்துலயே முட்டி போட்டுக்கிட்டு இருந்தியே!"

அப்போதுதான் சமையற்கட்டு வாசலில் எல்ஸி நிற்பதைப் பார்த்தேன். எவ்வளவு நேரமாக நின்றாளோ. கையில் அரிசி களைந்த பாத்திரம்.

"அப்ப நம்மளாலதான்" என்றாள்.

கத்தவில்லை. அழவில்லை. பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, பாப்பா தூங்கிக்கொண்டிருந்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் சொன்ன பொய் – அதைத்தான் அவள் மன்னிக்க மாட்டாள். டாக்டரம்மாவிடமிருந்து கேட்டிருக்க வேண்டியதை, வேறொருத்திக்கு நான் சொல்லும்போது கேட்டாள். என்ன மனுசன்டா நீ!

மே 20, ஞாயிறு

மூன்றாம் ஓலை வாசிக்கவில்லை. எல்லோரும் திரும்பி எங்களைப் பார்த்தார்கள்.

மே 22, செவ்வாய்

அத்தை வந்தார், ஆம்புரோசும். அத்தை உட்காரக்கூட இல்லை.

"ஏன்டா லூயிசு, என் வீட்டுப் பொண்ணு வேணும், என் வீட்டு மாப்பிள்ள வேணாமா? என் வயித்துல பொறந்ததெல்லாம் விஷமாடா?"

"அத்தை, உங்க வயித்துல மட்டும் இல்ல. எங்கப்பாவுக்கும் இதான். தாத்தாகிட்டேருந்து ரெண்டு பேருக்கும் வந்திருக்கு."

அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தாத்தாவுக்கு ஒரு காணி நிலம் கிடையாது, பொட்டு நகை கிடையாது. கப்பலில் வந்து இறங்கி, தோட்டத்துக் கூலிகளின் லயத்து வீட்டிலேயே செத்தவர். அத்தைக்குக் கல்யாணத்தின்போது ஒரு தகரப் பெட்டிதான் கொடுத்தாராம்.

"எங்கப்பன் எனக்குக் குடுத்த சீதனம் இதுதானா?" என்று கேட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அத்தை அழுது நான் பார்த்ததே இல்லை.

ஆம்புரோஸ்தான் பேசினான். "ரத்தம் எடுத்தா தெரிஞ்சிடும்தானே மச்சான்? நாளைக்கே போலாம் லா." ரோசம்மா பக்கம் பார்க்காமலே சொன்னான்.

எல்ஸி தன் அம்மாவுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். என்னிடம் இன்னும் பேசவில்லை.

ஜூன் 7, வியாழன்

ஆம்புரோசுக்கு 360. ரோசம்மாவுக்கு 185.

185! டாக்டரம்மா இரண்டு முறை படித்தார். ரோசம்மாவுக்கு இல்லை. அதனால் பிள்ளைக்கு இரண்டும் வர வழியில்லை. அவன் பக்கத்து ஒன்று வரலாம், வராமலும் போகலாம். கல்யாணத்துக்குத் தடை என்று எதுவும் சொல்ல மாட்டேன் என்றார்.

வெளியே வந்ததும் ஆம்புரோஸ் சட்டைப்பையிலிருந்த சிகரெட் பெட்டியைச் சாக்கடையில் போட்டான். "உனக்கு ஒண்ணும் இல்ல. எனக்குத்தான் இருக்கு. நாப்பது வயசுல உன்னை விதவையாக்கவா? வேற நல்ல எடம் பாரு" என்றான்.

ரோசம்மாவுக்கு வந்ததே கோபம். "மூணு வாரமா எனக்கும் இருந்தா செத்துடலாம்னு நெனச்சேன். அப்ப நீங்க விட்டுட்டுப் போறேன்னு சொன்னீங்களா? இல்லல்ல? இப்ப மட்டும் என்ன!" ஆஸ்பத்திரி வாசலில், டாக்சிக்காரர்கள் எல்லோரும் பார்க்க.

ஜூலை 14, சனி

கல்யாணம் முடிந்தது. போட்டோவுக்குப் பாப்பா முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு முன்வரிசையில் நின்றாள்.

1980 பிப்ரவரி 26, செவ்வாய்

வெளிநாட்டிலிருந்து வரவழைத்த மருந்துத் தூள். தண்ணீரில் கலக்கி நாளைக்கு மூன்று வேளை. மணல் தண்ணி என்கிறாள் பாப்பா. குடிப்பதற்கு ஒரு நிபந்தனை: சனிக்கிழமை தோறும் சிம்பாங் பூலாய் வரை பஸ்ஸின் முன்சீட்டில் உட்கார்ந்து போய் வர வேண்டும். டிரைவர் அப்பாவு அண்ணன் அவளுக்கென்று சீட்டை வைத்திருக்கிறார். 740 இப்போது 650. டாக்டரம்மா சந்தோஷப்பட முயன்றார்.

எல்ஸி பேசுகிறாள். வேண்டியதை மட்டும்.

நவம்பர் 19

பள்ளியின் படிக்கட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாளாம். எட்டு வயது. கிழவர்களுக்குக் கொடுக்கும் மாத்திரையை நாக்கடியில் வைக்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். "காரமா இருக்குப்பா" என்கிறாள்.

1981 செப்டம்பர் 3, வியாழன்

காலை ஏழே கால். பாப்பா.

செப்டம்பர் 5

பள்ளிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். குனிந்து சப்பாத்து போட்டாள். ஒரு காலில் போட்டுவிட்டாள்.

தெரியும். இரண்டரை வருடமாகத் தெரியும். தெரிந்திருந்தால் தாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அப்படி இல்லை. ஒன்றுமே தெரியாதவன் மாதிரி நிற்கிறேன்.

செப்டம்பர் 20, ஞாயிறு

எல்ஸி இன்று கேட்டாள்: "அன்னைக்கு பஸ்ஸுல ஏன் பொய் சொன்னீங்க?"

"உன்னையும் சேர்த்து இழந்துடுவேனோன்னு பயம்."

"எனக்கு உங்க மேல கோவம் போகல. ஆனா வேற யார்கிட்ட அவளைப் பத்திப் பேசுவேன்?" என்றாள். விடியும்வரை அவளைப் பற்றியே பேசினோம்.

1983 நவம்பர் 8, செவ்வாய்

ரோசம்மாவின் பையனுக்கு இரத்தம் பார்த்தாயிற்று. ஒன்று வந்திருக்கிறது. ஒன்றுதான்! ஆம்புரோஸ் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். என்ன செய்தியைக் கேட்டுச் சந்தோஷப்படுகிறோம் என்று பிறகுதான் உறைத்தது. அப்பாவுக்கும் அண்ணனுக்கும் தெரியாதது இவனுக்கு ஒன்றரை வயதிலேயே தெரியும். அது போதும்.

1984 ஆகஸ்ட் 14, செவ்வாய்

டாக்டரம்மா எல்ஸிக்கு ஆள் அனுப்பியிருந்தார். சித்தியவான் பக்கத்துத் தோட்டத்திலிருந்து மாரியம்மா என்று ஒருத்தி, முழங்கையில் அதே மருவுள்ள ஆறு வயதுப் பையனோடு வந்திருக்கிறாள். கட்டினது தாய்மாமனை. டாக்டர் சொல்வதைக் கேட்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பப் பார்த்தாளாம்.

எல்ஸி தனியாகப் போனாள். நான் வரட்டுமா என்றதற்கு வேண்டாம் என்றாள். சாயங்காலம் வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்.

"ரெண்டு மணி நேரம் பேசினேன். எல்லாத்தையும் கேட்டுட்டு அவ கேட்டா, அக்கா, உங்க புள்ள இப்ப எப்படி இருக்குன்னு."

"என்ன சொன்னே?"

"பொய் சொல்லலாமான்னு நெனச்சேன். சொல்லல. ஒம்பது வயசு வரைக்கும் இருந்தாள்னு சொன்னேன். எழுந்து போயிடுவாளோன்னு பாத்தேன்." எல்ஸி செருப்பைச் சுவரோரம் தள்ளினாள். "போகல. என் கையப் புடிச்சுக்கிட்டு, சரிக்கா, மருந்து எப்படிக் கலக்கணும் காட்டுங்கன்னா."

சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பாதி சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"அடுத்த செவ்வாக்கிழமையும் வரச் சொல்லியிருக்கேன். நீங்களும் வாங்க. அவ வீட்டுக்காரரு வாராரு, அவருகிட்ட பேச ஆள் வேணும்."