கலந்தது நான்தான், அண்ணி

எங்க வீட்டுக்கு வெளிச்சமா வந்த ராஜேஸ்வரி அண்ணிக்கு,

போன வாரம் உங்களுக்கு முதல் வருஷத் திதி முடிஞ்சது. அண்ணன் பேப்பர்ல உங்க போட்டோ போட்டு அஞ்சலி குடுத்துச்சு. கீழே உறவுமுறை வரிசையில "அன்பு நாத்தனார் கலைச்செல்வி"ன்னு என் பேரும் இருந்துச்சு. அந்த "அன்பு"ங்கிற வார்த்தையைப் பார்த்ததும் எனக்குச் சோறு இறங்கல.

அதனாலதான் இந்தக் கடிதம். ஊர்ல எல்லாரும் படிக்கிற மாதிரியே எழுதறேன். பொய்யை நாலு பேர் முன்னாடிதானே சொன்னேன், உண்மையை மட்டும் எப்படித் தனியா வந்து சொல்றது?

வாழப் போன வீட்ல ஒத்துக்காம நான் அரியலூருக்குத் திரும்பி வந்தப்ப, என்னை ஒரு கேள்வி கேக்காதவங்க நீங்க மட்டும்தான். "வீட்லயே உக்காந்திருக்காத கலை. உனக்குப் புருவம் எடுக்க நல்லா வருதுல்ல, அதையே முறையாப் படி. நானும் உன்கூட வரேன்"னு சொன்னீங்க. உங்க பொண்ணு யாழினி அப்ப அஞ்சாவது படிச்சா. அவளைப் பள்ளிக்கூடத்துல விட்டுட்டு, ரெண்டு பேரும் எங்க படிக்கலாம்னு விசாரிக்கக் கிளம்பினோம்.

நீங்க விசாரிச்ச விதம் எனக்கு அப்ப எரிச்சலா இருந்துச்சு. பெரம்பலூர்ல இருந்த ஒரு வருஷ அழகுக்கலைப் படிப்பைப் பத்திக் கேக்க மூணு தடவை பஸ் ஏறினீங்க. பரிச்சை யாரு வைக்கிறாங்க, சான்றிதழ் அரசாங்கத்தோடதா, வெளியூர்ல செல்லுமா, தினம் எத்தனை மணி நேரம் நம்ம கையாலயே செய்ய விடுவாங்க, தோலைப் பத்திப் பாடம் உண்டா. இத்தனையும் ஒரு நோட்ல எழுதி வெச்சுக்கிட்டுக் கேட்டீங்க. நான் திருச்சியில பத்து நாள் வகுப்புன்னு ஒரு நோட்டீஸைப் பார்த்தேன். சர்வதேசச் சான்றிதழ்னு போட்டிருந்துச்சு. அதோட சரி, வேற ஒண்ணும் கேக்கல.

போய்ச் சேர்ந்தா, அது ஒரு கல்யாண மண்டபம். மேடையில ஒரு அம்மா மேக்கப் போட்டுக் காட்டினாங்க, நாங்க கீழ உக்காந்து செல்போன்ல படம் புடிச்சோம். பத்தாவது நாள் பொன்னாடை போத்தி, சான்றிதழ் குடுத்து அனுப்பினாங்க.

"பரிச்சை எப்படிம்மா இருந்துச்சு?"ன்னு கேட்டீங்க.

"பரிச்சையா? பிரியாணி போட்டாங்க அண்ணி"ன்னு சிரிச்சேன். நீங்களும் சிரிச்சீங்க. ஆனா உங்க முகத்துல ஒரு கவலை வந்துட்டுப் போனதை நான் பார்த்தேன்.

அந்த ஒரு வருஷமும் நீங்க காலையில பெரம்பலூர் பஸ்ஸைப் புடிக்க ஓடினீங்க. குழம்பு கொதிக்கிறப்ப முகத்துத் தசைங்களோட பேரை மனப்பாடம் பண்ணினீங்க. நான் உங்களைக் கேலி பண்ணேன். "மூஞ்சியில பூசறதுக்கு இவ்வளவு படிப்பா? டாக்டருக்கே போயிருக்கலாம்ல"ன்னேன். அதுக்குள்ள நான் கடையும் தொறந்துட்டேன். போர்டுல என் பேரு. நீங்க பாஸ் பண்ணிட்டு வந்து அதே கடையில என்கூட வேலைக்கு நின்னீங்க.

அப்புறம் சுகன்யா வந்தா. செந்துறைப் பொண்ணு, அஞ்சு நாள்ல கல்யாணம். நீங்க முன்னாடி ரூம்ல ஒரு அம்மாவுக்கு முடி வெட்டிக்கிட்டு இருந்தீங்க. நான் உள்ள சுகன்யாவுக்கு மேலுதட்டுக்கும் கன்னத்துக்கும் வேக்ஸ் பண்ணேன். முடிச்ச கையோட பிளீச் கலந்தேன். சீக்கிரம் வெளுக்கட்டும்னு பிளீச் பவுடரை அளவுக்கு மேலயே போட்டேன்.

நீங்க அங்கேருந்தே கேட்டீங்க. "கலை, வேக்ஸ் பண்ண இடத்துல இன்னிக்கு பிளீச் வேண்டாம். காதுக்குப் பின்னாடி கொஞ்சம் தடவிப் பார்த்தியா?"

"எல்லாம் பார்த்தாச்சு அண்ணி"ன்னேன். ஒண்ணும் பாக்கல.

அவ எரியுதுக்கான்னு சொன்னா. எரியத்தான் செய்யும், பொறுத்துக்கன்னு சொன்னேன். ரெண்டாவது தடவை அவ கத்தினப்ப, நீங்க கத்திரியைக் கீழே போட்டுட்டு ஓடி வந்தீங்க. துடைச்சு, பச்சைத் தண்ணியில திரும்பத் திரும்பக் கழுவி, ஆட்டோ வெச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனது நீங்க. நான் கடையிலயே நின்னுட்டேன்.

சாயங்காலம் அவங்கம்மா நாலஞ்சு பொம்பளைங்களோட வந்தாங்க. நீங்களும் அப்பத்தான் திரும்பியிருந்தீங்க. "எம் பொண்ணு மூஞ்சியப் பொசுக்கினது யாரு?"ன்னு அந்தம்மா கேட்டாங்க.

நான் யோசிக்கவே இல்ல அண்ணி. அதுதான் இன்னிக்கும் எனக்குப் பயமா இருக்கு. "பூசினது நான்தாங்க. கலந்து குடுத்தது எங்க அண்ணி. இப்பத்தான் படிச்சு முடிச்சாங்க, அளவு தெரியல"ன்னு வாயில அப்படியே வந்துச்சு.

நீங்க என்னைத் திரும்பிப் பார்த்தீங்க. ஒரே ஒரு தடவை. அப்புறம் அந்தம்மா கையைப் புடிச்சு, "மன்னிச்சுக்குங்கம்மா. புண்ணு ஆறிடும்னு டாக்டர் சொன்னாரு"ன்னு சொன்னீங்க. அந்தம்மா கையை உதறிட்டு உங்களைப் பேசின பேச்சை இங்க எழுத முடியாது. நான் பக்கத்துலதான் நின்னேன்.

ஏன் அண்ணி நீங்க ஒண்ணும் சொல்லல? வாழாவெட்டின்னு ஏற்கெனவே பேர் வாங்கினவ, கடையும் போயிட்டா என்ன பண்ணுவான்னு நெனச்சீங்களா? இல்ல, நானே அன்னிக்கு ராத்திரிக்குள்ள வந்து சொல்லிடுவேன்னு நம்பினீங்களா?

அதுக்கப்புறம் கடைக்கு வர்றவங்க, "அவங்க வேண்டாம், நீங்களே பண்ணுங்க"ன்னு என்கிட்டதான் உக்காந்தாங்க. ஒரு வருஷம் படிச்ச நீங்க தலைமுடி கூட்டிப் பெருக்கினீங்க. ரெண்டு மாசத்துல, வீட்ல வேலை இருக்குன்னு நின்னுட்டீங்க. ஜாக்கெட் தைக்க ஆரம்பிச்சீங்க. எனக்கு அன்னிக்கு நிம்மதியா இருந்துச்சு. அதையும் சொல்லிடறேன்.

அப்புறம் உங்களுக்குப் புத்துநோய் வந்துச்சு. ஊசி போட்டுப் போட்டு முடியெல்லாம் கொட்டி, புருவமும் போயிடுச்சு. யாழினி பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குப் போகணும்னு என்னைக் கூப்பிட்டு விட்டீங்க. "எனக்குப் புருவம் வரைஞ்சு விடு கலை. பிள்ளைங்க பாத்து பயந்துடக் கூடாது"ன்னு சொன்னீங்க.

உங்க முகத்தை என் கையில ஏந்திக்கிட்டு ஒவ்வொரு கோடா வரைஞ்சேன். நீங்க கண்ணை மூடியிருந்தீங்க. வீட்ல வேற யாரும் இல்ல. அன்னிக்குச் சொல்லியிருக்கலாம்.

"கை நல்லாப் பழகிடுச்சு உனக்கு"ன்னு கண்ணைத் தொறக்காமயே சொன்னீங்க.

"கண்ணாடி பாருங்க அண்ணி"ன்னு மட்டும் சொன்னேன். அதுதான் எனக்குக் கிடைச்ச கடைசி வாய்ப்புன்னு தெரியாம, கண்ணாடியை எடுக்க எழுந்து போனேன்.

இப்ப நடந்ததைச் சொல்றேன். யாழினி பிளஸ் டூ முடிச்சுட்டா. உங்களை மாதிரியே இந்தத் தொழில்லதான் ஆசை. மூணு மாசம் முன்னாடி கடைக்கு வந்து செல்போன்ல ஒரு விளம்பரத்தைக் காட்டினா. பதினஞ்சு நாள் வகுப்பு.

"ஒரு வருஷப் படிப்பு பெரம்பலூர்ல இருக்கேடி, அதுக்குப் போ"ன்னேன்.

"எதுக்கு அத்தை? அம்மா ஒரு வருஷம் படிச்சாங்க. படிச்சு என்ன, ஒரு பொண்ணு மூஞ்சியப் பொசுக்கினாங்க. நீங்க பத்தே நாள்தான். உங்க கடை ஓடுதுல்ல?"

உங்க பொண்ணு அண்ணி. உங்களைப் பத்தி. அந்தப் பொய் அவ வயசோட சேர்ந்து வளர்ந்திருக்கு. அப்படியே சொல்லிட்டேன். "கலந்தது நான்தான் யாழினி. அம்மா வேண்டாம்னு சொன்னாங்க. கேக்காமப் பண்ணது நான். பழியை அம்மா மேல போட்டதும் நான்."

அவ செல்போனை அணைச்சா. "அம்மாவுக்கு முடியாம இருந்தப்ப நான் ஒரு நாள் சண்டையில இதைச் சொல்லிக் காட்டினேன் அத்தை. அப்பவும் அம்மா ஒண்ணும் சொல்லல"ன்னா. பையை எடுத்துக்கிட்டுப் போயிட்டா. அன்னிலேருந்து அவ என்கூடப் பேசறதில்ல. அண்ணன், "நீ வீட்டுப் பக்கம் கொஞ்ச நாள் வராத"ன்னு மட்டும் சொல்லிச்சு.

சுகன்யா வீட்டுக்கும் போனேன். அவளை கங்கைகொண்ட சோழபுரம் பக்கம்தான் குடுத்திருக்காங்க. வாசல்ல முந்திரிக்கொட்டை காய வெச்சுக்கிட்டு இருந்தா. தழும்பு மங்கிடுச்சு. கன்னத்து ஓரத்துல மட்டும் லேசா ஒரு கருப்பு, தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். நின்னபடியே எல்லாத்தையும் சொன்னேன்.

"அந்தக்கா ஆஸ்பத்திரியில என் கையை விடவே இல்ல. அவங்களைப் போய் எங்கம்மா அப்படிப் பேசிச்சே"ன்னு அழுதா. அப்புறம், "அவங்க உசுரோட இருக்கறப்பயே நீங்க வந்திருக்கலாம்லக்கா?"ன்னு கேட்டா.

ஒரு சொம்பு தண்ணி குடுத்தா. உள்ள வாங்கன்னு கூப்பிடல. கூப்பிட்டிருந்தாலும் நான் போயிருக்க மாட்டேன்.

யாழினி பெரம்பலூர்ல அந்த ஒரு வருஷப் படிப்புலயே சேர்ந்துட்டா. அண்ணன்தான் கூட்டிட்டுப் போச்சு. உங்களுக்குப் பாடம் நடத்தின டீச்சர் இன்னும் அங்கதான் இருக்காங்களாம். "ராஜேஸ்வரி பொண்ணா நீ? அந்த செட்ல அவதான் முதல்"னு சொன்னாங்களாம். அண்ணன் இதை என் கடைக்கு எதிர் வீட்ல சொல்றப்ப என் காதுல விழுந்துச்சு.

நானும் ஒரு பரிச்சை எழுதினேன் அண்ணி. ஏற்கெனவே தொழில் பண்றவங்களுக்குத் திறமையைச் சோதிச்சு சான்றிதழ் குடுக்கற பரிச்சை. கைவேலையில தேறிட்டேன். எழுத்துல பெயில். தோலைப் பத்தின கேள்வி ஒண்ணுக்கும் எனக்குப் பதில் தெரியல. பக்கத்துல உக்காந்திருந்த சின்னப் பொண்ணுங்க வேக வேகமா எழுதிக்கிட்டிருந்தப்ப, நான் காலி பேப்பரைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன். இத்தனை வருஷமா எத்தனை பேர் என்னை நம்பி முகத்தைக் குடுத்திருக்காங்க!

இப்ப கடையில புருவமும் தலை அலங்காரமும் மட்டும்தான் பண்றேன். வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் நடந்ததைச் சொல்றேன். சிலர் எழுந்து போயிடறாங்க. சிலர், முடிஞ்சு போனதை ஏன் கிளறுறேங்கறாங்க. சுகன்யா அம்மாவை மட்டும் இன்னும் பாக்கல. செந்துறை பஸ்ல ரெண்டு தடவை ஏறி, ரெண்டு தடவையும் பாதி வழியில இறங்கிட்டேன்.

இந்த வெள்ளிக்கிழமை இறங்க மாட்டேன். அன்னிக்கு உங்களைப் பேசின அந்தப் பொம்பளைங்க எல்லாரையும் கூப்பிட்டு உக்கார வெச்சு, அவங்க முன்னாடியே சொல்றேன். எழுத்துப் பரிச்சையைத் தேறுற வரைக்கும் எழுதறேன். அதுவரைக்கும் எவ முகத்துலயும் ஒரு மருந்தும் வைக்க மாட்டேன். யாழினிகிட்ட மன்னிப்புக் கேட்டு நிக்க மாட்டேன், அது அவளுக்கு இன்னொரு பாரம். அவ என்னிக்காவது தானா வந்து எதைக் கேட்டாலும், எனக்குச் சாதகமா ஒரு வார்த்தைகூடச் சேர்க்காம பதில் சொல்வேன். உங்க மேல சத்தியம்னு சொல்ல எனக்கு வாய் கூசுது அண்ணி. சத்தியம் பண்ணாமயே செய்யறேன்.

இப்படிக்கு,
நீங்க காப்பாத்தின, உங்களைக் காப்பாத்தாத,
உங்க நாத்தனார்
கலைச்செல்வி,
அரியலூர்.