முழுக்கைச் சட்டைகள்

ஜொகூர் பாரு
12 பிப்ரவரி 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

லோஷினி எழுதுகிறேன். கடிதம் என்றதும் பயந்துவிடாதீர்கள். ரூபேந்திரன் என் போனை எடுத்துப் பார்க்கிறார், அதனால்தான். பதிலை என் கிளினிக் விலாசத்துக்கே போடுங்கள்.

மறுபடியும் பாஜு குரோங் சட்டைப் பார்சல் வந்தது. தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று, இப்போது காரணமே இல்லாமல் இரண்டு. எல்லாமே மணிக்கட்டுவரை மூடுகிற முழுக்கை. பள்ளிக்கூடம் முடித்தபிறகு நான் பாஜு குரோங் போட்டதே இல்லை. அவர்தான் இவற்றை அனுப்பச் சொல்லி உங்களிடம் கேட்டாரா? மறைக்காமல் சொல்லுங்கள்.

உங்கள் லோஷினி

குளுவாங்
20 பிப்ரவரி 2024

என் செல்ல மகளுக்கு,

அம்மாவின் ஆசிகள். மருமகனைச் சந்தேகப்படாதே. ராத்திரிச் சந்தை, பாசார் மாலத்தில் மலிவாகக் கிடைத்தது, வாங்கினேன். போனைப் பார்ப்பதெல்லாம் உன்மேல் உள்ள பிரியத்தில்தான் இருக்கும். கிளினிக்கில் ஏர்கோன் குளிருமே, போட்டுக்கொள். சொந்தக்காரர் விசேஷத்துக்கும் அதையே போடு. எனக்கு முட்டிவலிதான், வேறொன்றும் இல்லை.

அம்மா கிருஷ்ணம்மா

ஜொகூர் பாரு
4 மார்ச் 2024

அம்மா,

எங்களுக்குச் சீருடை இருப்பது உங்களுக்குத் தெரியும். பாசார் மாலம் என்கிறீர்கள்; பெரிய கடையின் விலைச்சீட்டு சட்டையிலேயே இருக்கிறது.

தீபாவளிக்கு முன்னால் அத்தை மகள் ஷாமளா கல்யாணத்தில் எனக்கு வளையல் போட்டுவிட்டீர்கள். பாதியில் நிறுத்தி உங்கள் சால்வையை என்மேல் போட்டு, "குளுருது லா, போத்திக்க" என்றீர்கள். அந்த மண்டபத்தில் ஃபேன்கூடச் சரியாக ஓடவில்லை. அன்றைக்கே பார்த்துவிட்டீர்கள், இல்லையா?

லோஷினி

குளுவாங்
18 மார்ச் 2024

லோஷினிக்கு,

பார்த்தேன். விரல் விரலாகப் பதிந்திருந்தது. உன் அத்தைமார் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு கேட்கப் பயமாக இருந்தது. கேட்டால் நீ சொல்லிவிடுவாயே.

ஞாயிற்றுக்கிழமை மருமகன் வந்திருந்தார். ஜாடையாகக் கேட்டேன். "லோஷினி ஏதாச்சும் சொன்னாளா அத்த?" என்றார். கடிதம் போட்டிருக்கிறாள் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். "இனிமே கை நீட்ட மாட்டேன் அத்த, சத்தியமா." மனசில் கள்ளம் இருப்பவர் அப்படி அழுவாரா? கொஞ்சம் பொறுத்துக்கொள் தாயே. பச்சை நிறத்தில் ஒரு பாஜு எடுத்திருந்தேன், அவரிடமே கொடுத்தனுப்பினேன்.

அம்மா

7 ஏப்ரல் 2024

அம்மாவுக்கு,

பச்சைச் சட்டை வந்தது. அதை என் முகத்தில் எறிந்துவிட்டுத்தான் அவர் ஆரம்பித்தார். "அம்மாக்கு லெட்டர் போடுறியா நீ?"

மறுநாள் என்னோடு வேலை செய்யும் யோகேஸ்வரி என் கையைப் பார்த்தாள். "யாரு அடிச்சா?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். நான் சொல்லிவிட்டேன். அவள்தான் காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போனாள், ஆஸ்பத்திரியிலும் கூடவே இருந்தாள். இப்போது வேறு ஊரில் அறை எடுத்திருக்கிறேன். வேலையும் கிடைத்துவிட்டது. சட்டைகள் எல்லாம் அந்த வீட்டிலேயே இருக்கின்றன.

எந்த ஊர் என்று எழுதவில்லை. அவர் உங்களிடம் வருவார், அழுவார். நீங்கள் காப்பி கலந்து கொடுத்து உட்காரவைப்பீர்கள். பிறகு சொல்லிவிடுவீர்கள். இந்தக் கடிதத்தைக்கூட வேறொருவர் வேறெங்கோ தபாலில் போடுவார். முத்திரையைப் பார்த்துத் தேட வேண்டாம்.

முட்டிவலிக்கு டாக்டரைப் பாருங்கள்.

லோஷினி