மதிப்புப் போட வந்தவர் கேட்ட சாவி

கோபக்கார வீட்டுக்காரருக்கு,

நலமா என்று கேட்க மாட்டேன். உங்கள் அக்கா சொன்னபடி, சாமான்களை உங்களுக்கு, எனக்கு என்று பிரிப்பதற்காக, பழைய பொருள்களுக்கு விலை மதிப்பவரைக் கூப்பிட்டேன். கூடத்துச் சுவர்க் கடிகாரத்தைத்தான் முதலில் பார்த்தார். பின்பலகையைத் தட்டினார், காதை வைத்துக் கேட்டார்.

"அருமையான பொருள்மா. ஆனா ஓடினாத்தான் விலை. நின்னுபோனா பாதிகூடத் தேறாது. சாவி எங்க?"

"அவர்கிட்ட இருக்கு."

"அவர் எங்க?"

"இதோ, கடை வரைக்கும் போயிருக்கார்" என்று சொல்லிவிட்டேன்.

ஆணியில் மாட்டும் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு யாராவது வீட்டைவிட்டுப் போவார்களா? நீங்கள் கடைசியாகச் சாவி கொடுத்து ஒரு வாரம் ஆகப்போகிறது. மணி அடிக்கும்போதே இழுக்கிறது. சமையலறையில் நின்றாலும் காது அங்கேதான் கிடக்கிறது. சத்தம் கேட்காததுபோல் இருந்தால் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து பார்க்கிறேன்.

வேறு சாவி செய்து தருவதாக அவர் சொன்னார். வேண்டாம் என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, விலை சொல்லாமலே போய்விட்டார்.

சாவியைத் தபாலில் அனுப்பாதீர்கள், தொலைந்துவிடும். அக்காவிடமும் கொடுத்தனுப்ப வேண்டாம். நீங்களே கொண்டு வாருங்கள்.

தையல் மிஷின் டிராயரில் இன்னொரு சாவி கிடப்பது உங்களுக்கும் தெரியும். அதை நான் தொடப்போவதில்லை. கடிகாரம் நிற்பதற்குள் வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பிடிவாதக்காரி